கரப்பான் காலில் பிணைத்த இழை

மங்கையர்க்கரசி என்ற பேரை நான் முதலில் கேட்டது பிள்ளையார்பாளையத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில், எழுபத்தொன்றாம் வருஷம். என் ஓரகத்தி அலமுதான் சொன்னாள்: "எந்தம்பி வீரபத்திரன் பொண்ணு பட்டணத்துல படிச்சிக்கினு இருக்குது. என்னா படிப்பு தெரியுமா? கரப்பானுக்குக் கால் அமுக்குற படிப்பு!"

தறிக்காரர் மகள். சிறுவயசிலேயே பாவு பிணைத்தவள். தறியில் நெடுக ஓடும் பாவு தீர்ந்ததும், அதன் இழையோடு புது இழையைச் சாம்பல் தொட்டு, முடிச்சில்லாமல் முறுக்கிச் சேர்க்கிற வேலை அது.

அந்தத் தையில் செய்யாற்று வரன் கூடிவந்தது. படிப்பை நிறுத்தி அழைத்துவர வீரபத்திரன் கிளம்பினார். கூட அலமுவும் நானும்.

கல்லூரி அறையில் ஒரு கரப்பானை மெழுகில் பதித்து, ஒரு காலை மட்டும் நீட்டி வைத்திருந்தாள். கால் நரம்பிலிருந்து ஒரு பெட்டிக்குக் கம்பி போயிற்று; நரம்பு துடித்தால் பெட்டி படபடக்குமாம்.

"காலை ஊனி நடக்கிறப்ப அதோட ஓடு துளி வளையும்பா. ஓட்டுல ஊசிமுனையாட்டம் குமிழு இருக்குது. வளைவை அதுதான் நரம்புக்குச் சொல்லுது. அதைக் காட்டிட்டா என் படிப்பு முடிஞ்சிடும். ஆனா காலை இழுத்து வளைக்க நூல் கட்டுனா முடிச்சே காலை இறுக்குது. இழுக்கறதுக்கு முன்னாடியே பெட்டி படபடங்குது."

"கரப்பானுக்கு நடக்கத் தெரியாதா, நீ கத்துக் குடுக்கணுமா?" என்றாள் அலமு.

"போதும்மா, மூட்டையைக் கட்டு" என்றார் வீரபத்திரன்.

கண் கலங்கி எழுந்தவள், அப்பா சட்டையில் ஒட்டியிருந்த பட்டிழையைப் பழக்கத்தில் எடுத்து விரலில் உருட்டினாள். அப்படியே நின்றாள். அவர் நெற்றித் திருநீற்றைத் தொட்டு, கரப்பானின் பாதக் கொக்கியில் இழையை முறுக்கி விட்டாள். முடிச்சில்லை. பெட்டி மௌனம்.

இழுத்தாள். படபட! விட்டாள். மௌனம்.

"நீ இழுப்பா. மெதுவா."

வீரபத்திரன் இழுத்தார். இன்னும் இழுத்தார். பெட்டி இன்னும் பொரிந்தது.

"யக்கா! இழுவைக்குத் தக்கன பேசுது! பாவு பிணைச்ச கைக்கா இது!"

"அப்போ செய்யாத்துக்காரங்களுக்கு என்னாடா சொல்றது?"

"வேற பொண்ணு பார்த்துக்கச் சொல்லு. இது முடிச்சிட்டுத்தான் வரும்."

திரும்பும் பஸ்ஸில் கண்டக்டரிடமும் கரப்பான் கதைதான் சொன்னார்.

மங்கை பட்டம் வாங்கினாள், கல்லூரியில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றாள். இப்போது செவிலிமேட்டில் சொந்த வீட்டில் இருக்கிறாள்.