நாளையைச் சொல்லாத வீடு

"நாளைக்கு வர்றீங்களா?" என்று கேட்டால் "வர்றேன்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? என் வீட்டுக்காரருக்கு ஆயுசு முழுக்க ஆகும். "வருவேன்" என்பார். நெருக்கிக் கேட்டால் "பாப்போம்" என்பார். அந்த "பாப்போம்" ஒருமுறை எங்கள் கல்யாணத்துக்கே உலை வைக்கப் பார்த்தது.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் இருவரும் பெங்களூர் பீன்யாவில் ஒரே ஃபேக்டரியில் வேலை செய்தோம். நான் ஆபீஸில், அவர் மெஷின் ஷாப்பில். அவர் கோலார் தங்கவயல்காரர். தினமும் ரயிலில் வந்துபோவார். அவர் அப்பா தங்கச் சுரங்கத்தில் இறங்குகிறவர். எங்கள் வீடு ரிச்சர்ட்ஸ் டவுனில். டாடி ரிட்டயர் ஆன பிறகும் கைக்கடிகாரத்தைக் கழற்றாத மனிதர். அடுத்த கிறிஸ்துமஸுக்கு யார் வீட்டில் சாப்பாடு என்பதை இந்தக் கிறிஸ்துமஸிலேயே முடிவு செய்துவிடுவார்.

அப்படிப்பட்டவர் முன்னால் ஒரு சனிக்கிழமை இவரைக் கொண்டுபோய் உட்கார வைத்தேன். டாடிக்கு ஆளைப் பிடித்துவிட்டது. கேக் தட்டை இரண்டாம் தரம் நீட்டியதிலேயே எனக்குத் தெரிந்தது.

"அப்ப நாளைக்கு அப்பா அம்மாவ கூட்டிட்டு வர்றீங்க. சாயங்காலம் நாலு மணி. சரிதானே?"

"வருவோம் சார்."

"வருவோம்னா? வர்றீங்களா இல்லையா?"

"பாப்போம் சார்."

டாடியின் முகம் மாறிவிட்டது. இவர் கிளம்பியதும் என்னிடம் திரும்பினார். "நாளைக்கு வர்றதையே உறுதியா சொல்லத் தெரியல. இவன நம்பி உன்ன எப்படிம்மா குடுக்கிறது? நாலு மணிக்கு வரலைன்னா இந்தப் பேச்சு இதோட முடிஞ்சது."

எனக்கு வந்த கோபம் டாடி மேல் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன். பிளாட்பாரத்தில் நின்றவரைப் பிடித்துப் பிடிபிடியென்று பிடித்தேன்.

"வாயில என்ன கொழுக்கட்டையா? வர்றோம்னு ஒரு வார்த்தை சொன்னா முத்தா உதிர்ந்துடும்?"

அவர் தலையைச் சொறிந்தார். "எங்க வீட்ல அப்பிடி சொல்ல மாட்டோம்மா. அப்பா ஷிப்டுக்கு எறங்கினா, மேல வந்தாத்தான் அன்னைக்குப் பொழுது முடிஞ்சதுன்னு அர்த்தம். சின்ன வயசுல ஒருநாள், 'நாளைக்கு அப்பாவோட சினிமாக்குப் போறோம்'னு குதிச்சேன். அம்மா பட்டுனு என் வாயப் பொத்திட்டாங்க. நாளைக்கு வேண்டியத எல்லாம் இன்னைக்கே எடுத்து வெச்சுக்கலாம், சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கலாம். ஆனா அடிச்சு மட்டும் சொல்லக் கூடாது."

கேட்டதும் கோபம் போய்விட்டது. பயம் போகவில்லை. "அப்ப நாளைக்கு?" என்றேன்.

"வருவோம்," என்றபடி ரயிலேறிவிட்டார். பாவி மனுஷன்!

மறுநாள் காலை சர்ச்சுக்குக் கிளம்பிக் கதவைத் திறந்தால் கேட்டுக்கு வெளியே மூன்று பேர் நிற்கிறார்கள். முதல் ரயிலையே பிடித்து வந்துவிட்டார்கள். அவர் அம்மா பட்டுப்புடவையில், கை நிறையப் பூவும் பழமுமாக. அவரும் அப்பாவும் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில். அடடா, எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. டாடி பாதி ஷேவிங்கில் நுரையோடு வெளியே வந்தார்.

"நாலு மணின்னுதானே சொன்னேன்!"

"எங்க லேட்டாயிடப் போவுதோன்னு பயம்ண்ணே," என்றார் அவர் அம்மா.

டாடி நுரையோடு சிரித்துவிட்டார். எல்லோருமாகச் சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து இட்லி சாப்பிட்டோம். ஆனால் டாடி தன் பழக்கத்தை விடுவாரா? கை கழுவியதுமே ஆரம்பித்துவிட்டார்.

"அப்ப மே மாசம் கல்யாணம். நீங்க என்ன சொல்றீங்க?"

அவர் அப்பா அதுவரை அதிகம் பேசவில்லை. மறுநாள் விடிந்தால் மறுபடி சுரங்கத்தில் இறங்க வேண்டிய மனிதர். இவர் "நடக்கும் சார்" என்று இழுக்கத் தொடங்கியபோது, கையமர்த்தி நிறுத்தினார். என்னைப் பார்த்தார்.

"மே மாசம் நாங்க வர்றோம். எங்க பொண்ண கூட்டிட்டுப் போறோம்."

பக்கத்திலிருந்த அவர் அம்மாவின் கை, தன் வீட்டுக்காரர் வாயைப் பொத்தச் சட்டென்று எழுந்தது. பாதியில் நின்றது. பிறகு அந்தக் கை மெதுவாக என் தலைமேல் வந்து உட்கார்ந்தது.