தவமணி அக்காவின் சிவப்புக் கொடி

செவ்வாய்க்கிழமை காலை ஆபீஸ் படியேறும்போதே வாட்ச்மேன் எழுந்து நின்றார். "தவமணியம்மா போயிட்டாகம்மா" என்றார். அழுகைக்கு முன்னால் குற்ற உணர்ச்சிதான் வந்தது. ஆஸ்பத்திரியில் கிடந்த அவர்களை நான் ஒருநாள்கூடப் போய்ப் பார்க்கவில்லை.

செல்லூரில் எங்கள் ஜவுளி ஆபீஸின் டைப்பிஸ்ட் தவமணி அக்கா. தறிச் சத்தத்தையும் மீறிக் கேட்கும் குரல். "பேனாவ மூடி வைங்க சார், காயுது" என்று முதலாளியையே அதட்டுவார்கள். ஒருமுறை ஆபீஸில் எல்லோரும் கொடைக்கானல் போனோம். நாங்கள் பிளம்ஸ் வாங்க, அவர்கள் மட்டும் ஒரு கொடித் துண்டைக் காகிதத்தில் சுருட்டி வாங்கி வந்தார்கள். அரிசி மணி போல் தடித்த குட்டி இலைகள். நர்சரிக்காரர் 'சீடம்' என்று பேர் சொன்னாராம். ஆற்று மணலும் செங்கல் தூளும் கலந்த தொட்டியில் நட்டு, நிழலே விழாத ஆபீஸ் மொட்டைமாடிச் சுவரில் வைத்தார்கள். பங்குனி வெயிலில் அது செக்கச்செவேலென்று சிவந்து, தெருப் பக்கமாகத் தொங்கியது.

"கருகுதேக்கா" என்று பதறினேன்.

"கருகலடி சரசு. இம்புட்டு வெயில் பட்டாத்தான் அதுக்குச் செவப்பு. பாவம் பாத்துத் தண்ணிய ஊத்திப்புடாத."

சித்திரையில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது தொட்டியை என் பொறுப்பில்தான் விட்டார்கள். மூலைக்கு மூலை தண்ணீர்ப் பந்தல் போட்டு, போகிறவரை நிறுத்தி மோர் கொடுக்கிற ஊரில் பிறந்தவள் நான். அந்த அனலில் ஓர் உயிரைக் காயவிட மனம் கேட்கவில்லை. தினமும் ஊற்றினேன். நிழலுக்கும் மாற்றினேன். கொடி பச்சையாகி, நோஞ்சானாய் நீண்டு, அடித்தண்டு அழுகிவிட்டது.

ஆஸ்பத்திரி நடக்கிற தூரம்தான். போனால் முதல் கேள்வி கொடியைப் பற்றியதாகத்தான் இருக்கும். கொஞ்சம் தளிர்க்கட்டும், அப்புறம் போகலாம் என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். உடம்பு தேறிவிடும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

துக்க வீட்டில் அக்காவின் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்கதான சரசு? அக்கா உங்களத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாக. 'தண்ணிய ஊத்திக் கெடுத்திருப்பா, அதான் வர வெக்கப்படுறா. செடி கெடக்கு, அவள வரச் சொல்லு'ன்னு சிரிச்சாக. எனக்குத்தான் சொல்லிவிட ஆளில்லாமப் போச்சு."

துக்க வீட்டில் 'போயிட்டு வாரேன்' என்று யாரும் சொல்லிக்கொள்வதில்லை. ஒவ்வொருவராகப் பேசாமல் படியிறங்கினார்கள். நான் மட்டும் அக்காவின் கால்மாட்டில் போய் நின்று, "வந்துட்டேன்க்கா" என்றேன்.