அடுத்த லெவல்

ஆண்டர்சன்பேட்டை கடைவீதியில் பியூலாவின் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், வருகிறவர்கள் உட்கார இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. பான் கார்டு, பென்ஷன்காரர்களின் ஆயுள் சான்று, வருஷத்துக்கு ஒருமுறை வருமான வரிக் கணக்கு, இவ்வளவுதான் வியாபாரம். கல்யாணத்துக்கு முன்பிருந்தே பெங்களூரில் ஒரு ஆடிட்டரிடம் வேலை பார்த்தவள். விடியுமுன் கோரமண்டல் ஸ்டேஷனில் ரயிலேறி, இருட்டிய பிறகு இறங்குகிற பிழைப்பு. குழந்தை பிறந்ததும் அந்த ரயில் பிழைப்பைக் கணவன் டென்னிஸுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, இங்கே கடை போட்டாள். ஊரில் அவளை டாக்ஸ் பியூலா என்பார்கள். சர்ச் பாடகர் குழுவில் இன்னொரு பியூலா இருக்கிறாள். அவளிடமிருந்து பிரித்துச் சொல்லத்தான்.

கண்ணில் படாத ஒன்றின் மேல் யாருக்கும் அதிக நாள் கோபம் நிற்பதில்லை. வரி ஆபீஸை இந்த ஊரில் யார் பார்த்தார்கள்? அது பெங்களூரில் ஏதோ ஒரு கட்டடத்தில் இருக்கிறது, அல்லது கட்டடமே இல்லாமல் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. பியூலாவோ எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள். அதனால் பணம் வந்தால் கவர்மென்ட் கொடுத்தது, வராவிட்டால் பியூலா எங்கேயோ கோட்டை விட்டுவிட்டாள். இதையெல்லாம் தாண்டி அந்தக் கடை ஓடியது என்றால், 'அந்தப் பொண்ணு ஏமாத்தாது' என்று நாலு பேர் சொன்ன சொல்லால்தான். வேறு முதல் எதுவும் அவளிடம் இல்லை. சைலஸ் விஷயத்தில் அதற்கே ஆபத்து வந்தது.

சைலஸ் ஊரின் தங்கச் சுரங்கம் மூடும்வரை அண்டர்கிரவுண்டில் வேலை செய்தவர். மூடியபோது கிடைத்த தொகையை வங்கியில் டெபாசிட் போட்டுவிட்டு, அந்த வட்டியில் அவரும் மனைவி ஐடாவும் காலம் தள்ளுகிறார்கள். வரி பிடிக்க வேண்டாம் என்று வருஷா வருஷம் வங்கியில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு வருஷம் மறந்துபோனார். வங்கி மறக்கவில்லை, பிடித்துவிட்டது. வரி கட்டுகிற அளவுக்கு அவருக்கு வருமானமே கிடையாது. கணக்குத் தாக்கல் செய்தால் திரும்பி வந்துவிடும் என்றாள் பியூலா. தாக்கல் செய்தாள். வரவில்லை.

காரணம் பெயர். பான் கார்டில் சைலஸ் ஆபிரகாம், வங்கியில் ஏ. சைலஸ். அப்பா பெயரை ஒற்றை எழுத்தாக முன்னால் வைக்கிற ஊருக்கும், பின்னால் முழுப் பெயராகக் கேட்கிற கவர்மென்ட்டுக்கும் நடுவில் பணம் மாட்டிக்கொண்டது. பியூலா வங்கிக்கு நடையாய் நடந்து பெயரைச் சரிசெய்தாள். பணத்தை மறுபடி அனுப்பச் சொல்லிக் கேட்டாள். பதில் வராததால் புகார் போட்டாள். "தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது" என்று வந்தது. மழைக்காலம் வந்து போனது, பரிசீலனையில் உள்ளது. கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம் கட்டினார்கள், பரிசீலனையில் உள்ளது. ஒரு எழுத்துகூட மாறவில்லை. பரிசீலிக்கிறவர்களுக்கு அலுக்கவில்லை, படிக்கிறவளுக்குத்தான் அலுத்தது.

சைலஸ் வாரத்துக்கொரு தடவை வந்து எட்டிப் பார்ப்பார்.

"இன்னாமா, ஏதாச்சும் வந்துகீதா?"

"ப்ராசஸ்ல கீது அங்கிள்."

"இருக்கட்டும், இருக்கட்டும். எங்க ஓடிடப் போவுது?"

அவருக்குப் பொறுமை இருந்தது. ஐடாவுக்கு இல்லை. அந்தச் சமயம் பார்த்து பியூலா தவணையில் புது ஜெராக்ஸ் மெஷின் வாங்கியது வினையாகப் போயிற்று. ஞாயிறு ஆராதனை முடிந்து கேட்டருகே பெண்கள் நிற்கும் இடத்தில் ஐடா கேட்டாள்: "எங்க துட்டு வர்ல. அவளுக்கு மட்டும் புது மெசினு எங்கேர்ந்து வந்துச்சாம்?" கேள்விதான் கேட்டாள். பதிலை மற்றவர்கள் ஆளுக்கொன்றாகச் சொல்லிக்கொண்டார்கள்.

முதலில், வருஷா வருஷம் அவளிடம் கணக்குப் போடும் சம்பங்கி வந்து தன் பேப்பர்களைத் திரும்பக் கேட்டார். "தப்பா நெனச்சிக்காதமா. என் பையன் ஆன்லைன்ல அவனே போட்டுக்கறேன்றான்." அந்தப் பையனுக்கு ஆன்லைனில் பிரியாணி வரவழைக்க மட்டும்தான் தெரியும் என்பது பியூலாவுக்குத் தெரியும். எடுத்துக் கொடுத்தாள். பிறகு இன்னும் சிலர் வந்தார்கள். சிலர் வரக்கூட இல்லை, வேறு கடைக்குப் போய்விட்டார்கள்.

"நாமே அந்தத் துட்டைக் குடுத்துட்டா இன்னா?" என்றான் டென்னிஸ். "ஆபீஸ்லேர்ந்து வந்தப்புறம் வாங்கிக்கலாம்."

"குடுத்தா நான் எடுத்தேன்னு ஆயிடும்."

"இப்ப மட்டும் இன்னா சொல்லிகினு கீறாங்க?"

அன்றைக்குச் சாம்பாரில் உப்பு இல்லை. மறந்துவிட்டாளா, வேண்டுமென்றே போடவில்லையா என்று கேட்கிற துணிச்சல் டென்னிஸுக்கு இல்லை. ஊறுகாயைத் தொட்டுக்கொண்டான்.

பொங்கல் கழிந்து ஒருநாள் வழக்கம்போல் சைலஸின் புகாரைத் திறந்து பார்த்தாள். அந்தப் பழைய வாக்கியத்தைக் காணோம். அந்த இடத்தில், புகார் முடிக்கப்பட்டது, மேற்கொண்டு முறையிட மனுதாரர் விரும்பவில்லை என்று இருந்தது. பியூலாவுக்கு இத்தனை மாதம் காத்திருந்ததைத் தூக்கிக் குப்பையில் போட்டது போலிருந்தது. கடையை அப்படியே விட்டுவிட்டு சைலஸின் வீட்டுக்குப் போனாள். ஐடா ரேஷனுக்குப் போயிருந்தாள். அவர் வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார்.

"அங்கிள், வரி ஆபீஸ்லேர்ந்து உங்களுக்குப் போன் வந்துச்சா?"

"வந்துச்சே. ஒரு பொண்ணு. கன்னடத்துல பேசுச்சி, நல்ல மருவாதியான பொண்ணு. உங்க கம்ப்ளெய்ண்ட் இங்க முடியல சார், நெக்ஸ்ட் லெவலுக்கு அனுப்பட்டுமான்னுச்சி. பேடாம்மான்னு சொல்லிட்டேன்."

"எதுக்கு வேணான்னீங்க?"

"இன்னாமா, நீ கூட கேக்கற? இந்த லெவல்ல கீறதே மேல வர மாட்டேங்குது. இதுல அதுக்கும் அடுத்த லெவலுக்கு எறக்கிட்டா எவன் தூக்குவான்?"

சுரங்கத்தில் லெவலை மேலிருந்து கீழே எண்ணுவார்கள். ஒன்றுக்குக் கீழே இரண்டு, இரண்டுக்குக் கீழே மூன்று. எண் ஏற ஏற ஆழம். அடுத்த லெவல் என்றால் இன்னும் வெக்கை, இன்னும் இருட்டு, மேலே தூக்குகிற கேஜுக்காக இன்னும் நேரம் காத்திருப்பது. நாடெல்லாம் அடுத்த லெவல் என்றால் மேலே என்று எண்ணிக்கொண்டிருக்க, இந்த ஊரில் மட்டும் அது கீழே இருந்தது. தன் ஃபைல் பாதாளத்துக்குப் போகாமல் சைலஸ் காப்பாற்றியிருந்தார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் நல்ல பெருமை தெரிந்தது.

பியூலாவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே போய்விட்டது.

"அங்கிள், ஆபீஸ்ல அடுத்த லெவல்னா மேலே. பெரிய ஆபீசர்கிட்ட."

சைலஸ் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். மறுபடி போட்டுக்கொள்ளவில்லை.

"அப்ப நாந்தான் நிறுத்திட்டனா?"

"ஆமாம்."

பூசி மெழுகிச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. இந்த மனுஷனால் தன் பெயர் தெருவில் கிடக்கிறது என்ற கோபம் அவளுக்கு இருந்தது. ஆனால் அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது மன்னிப்பை அல்ல.

"ஐடாகிட்ட நீ சொல்லிடாதமா. அவ ஊரெல்லாம் உன்ன சொல்லிகினு கீறா. இப்ப நாந்தான்னு தெரிஞ்சா என்ன வூட்ல இருக்க வுட மாட்டா. நானே நேரம் பாத்து சொல்றேன். சர்ச்லயே எல்லாருக்கும் முன்னாடி சொல்லிட்றேன்."

"சரி அங்கிள்," என்று சொல்லிவிட்டாள். கடைக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்த 'சரி'க்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

புதிதாகப் புகார் போட்டாள். இந்தத் தடவை போன் வந்தபோது சைலஸ் அதைக் கையில் பிடித்தபடியே கடைவீதி வழியாக ஓடிவந்து, மூச்சு வாங்க, அவள் எதிரிலேயே பேசினார். "அனுப்பும்மா, எத்தினி லெவல் கீதோ அத்தினிக்கும் அனுப்பு." மேலே உட்கார்ந்திருந்த யாரோ ஒருவர் எதையோ அமுக்கியிருக்க வேண்டும். குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின வாரம் பணம் வங்கிக்கு வந்துவிட்டது.

"ஆன்ட்டிகிட்ட சொல்லிட்டீங்களா?"

"துட்டு வந்ததச் சொன்னேன்."

"அது இல்ல அங்கிள்."

"சொல்றம்மா. இந்த ஞாயித்துக்கெயம சொல்லிட்றேன்."

ஞாயிற்றுக்கிழமை பியூலா நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டு போனாள். ஸ்தோத்திரக் காணிக்கை கொடுத்தவர்களின் பெயர்களைப் போதகர் வாசித்தபோது, வெகுநாளாக வராத பணம் வந்ததற்காக சைலஸ் குடும்பத்தார் என்று அதிலும் ஒரு வரி வந்தது. சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் எழுந்திருக்கலாம் என்றார் போதகர். பிரசவம் நல்லபடியாக ஆனவள் எழுந்தாள். ஆபரேஷனில் பிழைத்தவர் எழுந்தார். சைலஸ் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

ஆராதனை முடிந்ததும் கேட்டருகே ஐடாவே தேடி வந்து பியூலாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். சுற்றிலும் பெண்கள் நின்றார்கள். சைலஸ் பின்னால் நின்றார்.

"துட்டு வந்துட்ச்சிமா. நடந்தது நடந்து பூட்ச்சி. உனுக்கு இன்னா கஷ்டமோ, எடுத்துட்ட. திருப்பிப் போட்டுட்ட இல்ல, அது போதும். நாங்க மன்னிச்சிட்டோம்."

பியூலாவின் முகம் சிவந்தது. "ஆன்ட்டி, அது ஆபீஸ்லேர்ந்து வந்த பணம். பாஸ்புக்லயே போட்டிருக்கும், பாருங்க."

"எப்டிப் போட்டா இன்னா, போட்டுட்ட இல்ல?"

"நான் எடுக்கவே இல்ல ஆன்ட்டி."

"மன்னிச்சிட்டேன்றேன், நீ இன்னும் அதயே பேசிகினு கீறியே! கர்த்தரே மன்னிக்கிறாரு, நான் யாரு?"

பெண்கள் தலையாட்டினார்கள். ஐடாவின் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் வந்திருந்தது. பியூலா சைலஸைப் பார்த்தாள். ஒரே ஒரு வாக்கியம் போதும். அவர் வாயைத் திறந்தார்.

"வெயில் ஏறுது, வூட்டுக்குப் போலாமா?" என்றார் ஐடாவிடம்.

அவளே சொல்லியிருக்கலாம். அவர் தன் சொல்லைக் காப்பாற்றாத பிறகு எந்த வாக்கும் அவளைக் கட்டுப்படுத்தாது. ஆனால் பணம் வந்த பிறகு சொன்னால், வயசானவர் தலையில் பழியைப் போடுகிறாள் என்றுதான் பேசுவார்கள். அதையும் சேர்த்து மன்னிப்பார்கள். பியூலாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.

அடுத்த வாரத்திலிருந்து கடைக்கு ஆட்கள் திரும்பினார்கள். சம்பங்கியும் பேப்பர்களோடு வந்தார். ஒருதரம் பட்டவள், இனிமேல் ஒழுங்காக இருப்பாள் என்று ஊரில் பேசிக்கொள்வதாக டென்னிஸ் ரயிலில் கேட்டுவிட்டு வந்து சொன்னான். முன்னைவிடக் கூட்டம் அதிகம்தான்.

கூட்டம் குறைந்த ஒரு மத்தியானம் சைலஸ் அவளுடைய ஃபீஸைக் கொடுக்க வந்தார். மடித்த நோட்டை மேஜையில் வைத்துவிட்டு, எதையோ சொல்லத்தான் வந்தவர்போல் நின்றார்.

"ஐடா மனசு தங்கம்மா," என்றார். "எதயும் மனசுல வச்சிக்க மாட்டா."

பியூலா நோட்டை எடுத்து மேஜை டிராயரில் போட்டாள்.

"ஆமாம் அங்கிள்," என்றாள்.