இரண்டு மாதம் என்று சொல்லச் சொன்னார்

பள்ளுருத்தி தாண்டி மட்டாஞ்சேரியை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். பஸ்கள் போய்க்கொண்டுதான் இருந்தன. ஏறினால் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடுவேன் என்பதால் ஏறவில்லை. விட்டு வந்த ஆஸ்பத்திரியில் என் அறைத் தோழர் முட்டியில் கட்டுடன் படுத்திருந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பந்தாட்டத்தில் காலை ஊன்றியபடியே உடம்பைத் திருப்பியதில் முட்டிக்குள் ஜவ்வு அறுந்துபோனது. முந்தின நாள்தான் ஆபரேஷன்.

இந்த ஊர் ஆஸ்பத்திரிகளில் நோயாளியுடன் ஓர் ஆள் இருந்தே ஆக வேண்டும். பைஸ்டாண்டர் என்பார்கள். அவருக்குச் சொந்தக்காரர் யாரும் இங்கே இல்லை, அதனால் நான் இருந்தேன். டாக்டர் என்னையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னார்: அறுந்த ஜவ்வைத் தைத்தால் நிற்காது, தொடையின் பின்பக்கத்திலிருந்து ஒரு நாரை எடுத்து, எலும்புகளில் துளை போட்டு, அதன் வழியே இழுத்து இறுக்கியிருக்கிறோம். சில வாரங்களில் நடப்பார். பாரம் தூக்க ஒன்பது மாதம் ஆகும். அதற்குப் பிறகு பயமில்லை.

"டவுசருக்கு நாடா மாத்துன மாதிரி மாத்திட்டானுவலே," என்று அண்ணாச்சி சிரித்தார். டாக்டர் போனதும் சிரிப்பு நின்றது. "கிட்டங்கியில போயி ரெண்டு மாசம்னு சொல்லு, என்ன? ஒம்பதுன்னு தெரிஞ்சா நாளைக்கே வேற ஆளப் போட்டுருவான். ரெண்டு மாசத்துல நொண்டிக்கிட்டாவது உள்ள போயிருவேன். உள்ள போயிட்டா தள்ளமாட்டான்லே."

கிட்டங்கி என்று அவர் சொன்னது மட்டாஞ்சேரியில் உள்ள சுக்குக் கிடங்கை. சுக்கைக் கிளறிக் காயவைப்பதும் சாக்குகளை அடுக்குவதும் அவர் வேலை. ஏழு வருடமாக அதே வேலை. மழையானாலும் சம்பளம் உண்டு. நான் எட்டாம் வகுப்பில் ஊரை விட்டுக் கிளம்பியவன். எந்த ஊரிலும் முழுதாக ஒரு வருடம் இருந்ததில்லை. காலையில் கலூரில் போய் நிற்பேன். யாராவது கூப்பிட்டால் பெயிண்ட் வேலை, இல்லாவிட்டால் திரும்பி வந்து அறையில் படுப்பேன். மழை பிடித்ததிலிருந்து யாரும் கூப்பிடவில்லை.

கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் சேட்டன் தராசருகில் நின்றிருந்தார்.

"அண்ணாச்சிக்கு எங்ஙனே உண்டு? எப்போ வரும்?" என்று மலையாளத்தில் நலம் விசாரித்தார்.

"ஒன்பது மாசம் ஆகும் சேட்டா," என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அதோடு நிறுத்தியிருந்தால் இதை எழுத வேண்டி வந்திருக்காது. "அதுக்கப்புறமும் சாக்கு தூக்க முடியாதுன்னு டாக்டர் சொல்றாரு."

டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. நான் சேர்த்தது.

"கஷ்டம்," என்றார் சேட்டன். பிறகு என் கால்களைப் பார்த்தார். "நின் முட்டு எங்ஙனே? ஒண்ணு இருந்து எணீச்சே, காணட்டே."

உட்கார்ந்து எழச் சொல்கிறார். ஒரு முறை போதும். நான் மூன்று முறை உட்கார்ந்து எழுந்தேன். சுக்கு பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள்.

"மதி, மதி," என்று போதும் எனக் கையமர்த்தினார். "நாளெ வா."

திரும்பும்போது பஸ்ஸில் போனேன். வெட்கம் அதுவரை வரவில்லை. கஞ்சியை ஊற்றி அவர் கையில் கொடுத்தபோதுதான் வந்தது.

"சொன்னியாலே?"

"சொன்னேன்."

"என்ன சொன்னான்?"

"சரின்னாரு."

"பாத்தியா," என்று கஞ்சியை முழுவதும் குடித்தார்.

மறுநாள் காலை, இடப்பள்ளியில் பெயிண்ட் வேலை வந்திருக்கிறது என்றேன். "போலே, போ. எனக்காக ஒரு நாளையும் விட்டுராத. பக்கத்துக் கட்டில்காரரோட ஆளு என்னப் பாத்துக்கிடுவாரு," என்று அவரே அனுப்பிவைத்தார்.

கிடங்கில், சுவரோரம் ஈரம் ஏறுகிறது, சாக்குகளை நடுவுக்கு மாற்று என்றார் சேட்டன். பொறுக்கும் பெண்களில் ஒருத்தி, "அண்ணாச்சி இனி எப்போ வரும்?" என்று கேட்டாள்.

"தெரியல சேச்சி," என்று சொல்லிவிட்டு முதல் சாக்குக்கு முதுகைக் கொடுத்தேன்.