துடைப்பமும் மெத்தனாலும்

துடைப்பத்தை முன்னால் நீட்டிப் பிடித்தபடி மோட்டார் சைக்கிளைச் சுற்றி வருகிறார் அத்தான். துடைப்பம் பற்றிக்கொள்ளவில்லை என்றால் வண்டியும் எரியவில்லை. மெத்தனால் நெருப்பு பகலில் கண்ணுக்குத் தெரியாது என்று எங்கோ படித்த நாளிலிருந்து இந்தச் சுற்று.

"வீட்டைப் பெருக்கலாம்னு தேடுறேன், நீங்க வண்டியைப் பெருக்கிட்டு இருக்கீங்களா?" என்பாள் அக்கா.

அத்தானுக்குக் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை, தீ விபத்துப் பிரிவில். பகலெல்லாம் ஊரார் வீட்டில் அடுப்பு எங்கே இருக்கிறது என்று விசாரிப்பவர், மாலையில் தன் வீட்டுக் கொட்டகையில் கேன் கேனாக மெத்தனால் சேர்க்கிறார். சாலையில் பின்னால் சைக்கிள் மணி கேட்டால் ஒதுங்கி வழிவிடும் மனிதர். ஆனாலும் வண்டிக்கு இந்தப் பந்தய எரிபொருள்தான் வேண்டும். எந்தப் பந்தயத்துக்கு என்று கேட்டேன்.

"முதல்ல வண்டி ரெடியாகட்டும் மாப்ள. பந்தயம் தானா வரும்."

வண்டி அப்பாவுடையது. என்னைவிட மூத்தது. தெருமுனையில் அது 'டுப்... டுப்' என்று திரும்பும்போதே அடுப்பில் தண்ணீர் வைத்துப் பழகியவள் அக்கா. அப்பா போன பிறகு அவளே துடைத்துவைப்பாள், யாரையும் தொடவிடமாட்டாள். ஒரே நிபந்தனையில்தான் சாவியைக் கொடுத்தாள்.

"என்னத்தை வேணா ஊத்துங்க. சத்தம் மட்டும் அப்பா வர்ற மாதிரியே இருக்கணும்."

"சத்தத்துல கை வைப்பேனா? நான் என்ன பைத்தியமா?"

மெத்தனால் என்றால் வண்டி பெட்ரோலைவிட இரண்டு மடங்கு குடிக்கும். ஆகவே கார்புரேட்டரில் எரிபொருளை அளந்துவிடும் ஜெட் என்ற சிறு திருகைக் கழற்றி, பெரிய துளையுள்ளதைப் போட்டார். பழைய பித்தளை ஜெட்டை, "இனி எதுக்கு?" என்று குப்பையில் வீசிவிட்டதாகச் சொன்னார். எரிபொருளை இன்னும் இறுக்கி அழுத்த வேண்டுமாம்; எஞ்சினின் தலையைப் பட்டறையில் கொடுத்துச் சீவிக்கொண்டு வந்தார். மனிதத் தலை என்றால் முடி வளரும். சைலன்சருக்கு மூச்சு முட்டுகிறது என்று அதன் குடலையும் உருவினார்.

நேற்று மாலை, உதைத்து உதைத்துக் கால் வீங்கிய பிறகு வண்டி உயிர்பெற்றது. தகரக் கூரையில் கல்மழை கொட்டுவதுபோல் ஒரு சத்தம்.

"புலி மாப்ள! புலி!" என்று கத்தினார் அத்தான்.

அக்கா வாசலுக்கு வந்தாள். தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டாள்.

"யாரோ வந்திருக்காங்கன்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அத்தான் எஞ்சினை அணைத்தார். பழக்கதோஷத்தில் துடைப்பத்தை ஒரு சுற்றுச் சுற்றி, நெருப்பில்லை என்று உறுதிசெய்துகொண்டார். பிறகு சட்டைப்பைக்குள் கைவிட்டு, அப்பாவின் பழைய பித்தளை ஜெட்டை எடுத்து, துளையிலிருக்கும் தூசு போக உதட்டில் வைத்து மெல்ல ஊதினார்.