விண்கப்பலில் மச்சான் இல்லை

இன்று காலை துறைமுகத்தில் புதிய காற்றுக் குழாய்ச் சுருளைப் பிரித்தார்கள். கப்பல் தொட்டிக்குள் இறங்குகிறவருக்கான குழாய். அந்த ரப்பர் வாசனை வந்ததும் கையிலிருந்த சரிபார்ப்புத் தாளை மறந்து, நினைவில் பள்ளித் தோழி ஸ்டெல்லா வீட்டு முற்றத்துக்குப் போய்விட்டேன். பாதுகாப்புப் பொறியாளர் இப்படி நிற்கலாமா என்று கேட்காதீர்கள்.

அந்த முற்றத்திலும் இதே வாசனைதான், கூடவே சங்குச் சதை அழுகிய நாற்றம். ஸ்டெல்லாவின் அப்பா சங்கு குளிப்பவர். படகில் கம்ப்ரசர் ஓட, குழாயை வாயில் கடித்துக்கொண்டு கடலடிக்குப் போவார். அவர் எடுத்துவந்த சங்குக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான், பள்ளி நூலகத்து விண்வெளி நாவலை இருவரும் படித்தோம். அட்டையில் சனிக் கோளின் வளையம். சில பிள்ளைகளும் ஒரு கேப்டனும் விண்கப்பலில் போகிறார்கள். நான் அப்போதே பட்டியல் போடுகிறவள். கப்பலில் உள்ள காற்று, தண்ணீர், பிஸ்கட் எல்லாவற்றையும் பக்க ஓரத்தில் எழுதிவைத்து டீச்சரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கப்பலில் விழுந்த ஓட்டையை அடைக்கக் கேப்டன் காற்றுக் குழாயோடு வெளியே மிதந்தபோது ஸ்டெல்லா புத்தகத்தை மூடினாள்.

"அவரு டியூப்ப யாரு புடிச்சிருக்கா?"

வழியில் ஏறிய ஒரு பயணி என்றேன்.

"மச்சான் இல்லையா? அப்ப செத்தாரு, போளா."

எனக்கு விளங்கவில்லை. அவள்தான் சொன்னாள்: கடலுக்குள் இறங்குகிறவரின் உயிரை மேலே பிடித்திருப்பவர் மனைவியின் உடன்பிறந்தவராக இருக்க வேண்டும். தங்கை தாலியறுக்க எந்த அண்ணன் விடுவான்? அவள் அப்பாவுக்கு அம்மாவின் அண்ணன் ரெக்ஸ் மாமா இருந்தார். ஆனால் அந்த வாரம்தான் மாமாவுக்கு மாலத்தீவு போகும் சரக்குத் தோணியில் வேலை கிடைத்திருந்தது. குழாயைப் பார்த்துக்கொள்ளப் புது ஆள் வரப்போகிறான்.

மறுநாள் மாமாவை டீக்கடையில் பிடித்தோம். அவர் ஏன் போகக்கூடாது என்பதற்கு நான் வரிசையாகக் காரணங்கள் சொன்னேன். எடுபடவில்லை. ஸ்டெல்லா நாவலை விரித்து அந்த அத்தியாயத்தை வாசித்தாள். கடையே சிரித்தது.

"ஏளா, வானத்துல சங்கா கெடக்கு?" என்றார் மாமா.

"நீங்க போனா அப்பாவ யாரு பாப்பா?"

சிரிப்பு நின்றது. ஒரே நடைதான், போய்விட்டு வந்துவிடுகிறேன் என்று எங்களுக்கு ஆளுக்கொரு பன் வாங்கித் தந்தார். தோணி போய்விட்டது.

அது திரும்பும் முன்பே நடந்துவிட்டது. கம்ப்ரசர் நின்றதைப் புது ஆள் கவனிக்கவில்லை. ஸ்டெல்லாவின் அப்பா மூச்சு முட்டி, ஒரே வீச்சில் மேலே வந்தார். ஆழத்திலிருந்து அப்படி வேகமாக ஏறினால் நரம்பு தாங்காது; உயிர் மட்டும் தப்பியது. இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்பவே இல்லை. மாமா வந்து கட்டிலருகே உட்கார்ந்தவர், நெடுநேரம் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

நாவலின் கடைசி அத்தியாயத்தை ஸ்டெல்லாதான் படித்தாள். அந்தப் பயணி கடைசிவரை பிடியை விடவில்லை. கேப்டன் திரும்பிவிடுகிறார்.

"இத எழுதுனவரு கடலுக்குள்ள எறங்கிருக்க மாட்டாரு," என்று புத்தகத்தை என் மடியில் வைத்தாள்.

பிறகு வீட்டை விற்றுவிட்டுப் போனார்கள். எங்கே என்று இன்றுவரை தெரியவில்லை. அந்த முற்றத்தில் இப்போது ஐஸ் கம்பெனி. நூலகத்தில் அந்த நாவலும் இல்லை, தேடிவிட்டேன்.

இன்று தொட்டிக்குள் இறங்கத் தயாராக நின்றவரிடம், தாளில் இல்லாத கேள்வியை வழக்கம்போல் கேட்டேன்: குழாயருகே நிற்பவர் உங்களுக்கு உறவா, அண்ணாச்சி?

"இல்ல மேடம். இன்னைக்குத்தான் வேலைக்கு வாரான். பேரு கூடத் தெரியாது."

தாளில் இருந்தவை எல்லாம் சரியாக இருந்தன. கையெழுத்துப் போட்டேன். அவர் இறங்கினார்.