நோட்டு இல்லாத பிள்ளை

என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, என் மகளின் பெயரைச் சொல்லி உருகி உருகி ஜெபித்த அக்காவுக்கு, அந்தப் பெயர் அனுப்பப்படவே இல்லை என்பது அப்போதே தெரியுமா?

இன்றுவரை எனக்குப் பதில் தெரியாது. கேட்கவும் துணிவில்லை. ஆனாலும் கர்த்தர் எங்களுக்குச் செய்ததை மூடி வைப்பது நன்றிகெட்டதனம் என்று மனசு குத்திக்கொண்டே இருக்கிறது. அதனால் மற்ற ஊர்ச் சபையாருக்கு இதை எழுதுகிறேன். மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இதிலும் கோபம்தான் அதிகம் இருக்கும். மன்னித்துப் படியுங்கள்.

நாங்கள் மலாயாவில் தம்பின் என்ற ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் தோட்டத்து ரப்பர் பால் லாரி ஓட்டுகிறார். நான் மரம் வெட்டுகிறேன், அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுக்கிறேன். மிஷன் விடுதியில் வளர்ந்து ஏழாவது வரை தமிழ் படித்தவள் நான். பதினேழு வயதில் கல்யாணமாகி இங்கே வந்தேன். அவசரகாலம் தொடங்கிய பிறகு நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டுவிட்டார்கள். சாயங்காலம் ஆறு மணிக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். காட்டில் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று ஒரு பிடி சோறுகூட வெளியே கொண்டுபோக விடமாட்டார்கள். எங்கள் ஜெபக் கூட்டமும் ஞாயிறு மத்தியானத்துக்கு மாறிப்போனது.

எங்களுக்கு ஒரே மகள், ரெபேக்காள். நான்கு வயதில் அரிசிப் பையில் அச்சடித்திருந்த எழுத்துகளைத் தடவித் தடவிப் படித்தாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. தோட்டத்துப் பள்ளியில் சேர்த்தபோது வாத்தியார் ஒரு வாரத்தில் அவளை அடுத்த வகுப்பில் உட்கார வைத்தார். எங்கள் பள்ளி ஒரே கொட்டகை. ஆறு வகுப்பும் அதற்குள்தான். வாத்தியார் ஒருவர்தான். அவர் நம் சபைக்காரர், ஜெபக் கூட்டத்தில் பாட்டைத் தொடங்கிவைப்பவர். நான் முதலில் சொன்ன எஸ்தர் அக்கா அவருடைய மனைவி. இந்தத் தோட்டத்துக்கு நான் வந்த நாளிலிருந்து எனக்குக் கூடப்பிறக்காத அக்காவாக இருந்தவர். ரெபேக்காள் பிறந்தபோது வெந்நீர் வைத்துக் கொடுத்ததும் அவர்தான்.

ரெபேக்காளுக்கு ஒன்பது வயதானபோது வாத்தியார் அவளைச் சட்டாம்பிள்ளை ஆக்கினார். எங்கள் பள்ளியில் சட்டாம்பிள்ளை என்றால் சத்தம் போடும் பிள்ளைகளின் பெயரை எழுதி வைப்பது மட்டுமல்ல. ஒன்றாம் வகுப்பையும் இரண்டாம் வகுப்பையும் அவள்தான் நடத்த வேண்டும். காலையில் மணி அடித்தது முதல் பள்ளி விடும் வரை அந்தச் சின்னப் பிள்ளைகளோடு மூலையில் உட்கார்ந்து அரிச்சுவடி, வாய்ப்பாடு எல்லாம் சொல்லிக் கொடுப்பாள். பெரிய வகுப்புப் பாடத்தைக் காதால் கேட்டுக்கொள்வாள்.

எனக்குப் பெருமையாக இருந்தது. பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கு எடுக்கும் நேரத்தில்கூடப் பக்கத்தில் நிற்பவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒன்றரை வருடமாக அவள் ஒரு நோட்டுகூட வாங்கித் தரச் சொல்லவில்லை என்பதை நான் கவனித்தேன். பிள்ளை சிக்கனமாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். படித்தவள் நான். எனக்கே தோன்றவில்லை.

போன வருடம் ஒரு செய்தி வந்தது. எங்கள் வட்டாரத்துத் தோட்டப் பள்ளிகள் ஒவ்வொன்றிலிருந்தும் நன்றாகப் படிக்கும் ஒரு பிள்ளையின் பெயரை அனுப்பலாம். டவுனில் பரீட்சை வைத்து, தேறியவர்களை அரசாங்க ஆங்கிலப் பள்ளியில் எடுத்துக்கொள்வார்கள். பெயரை வாத்தியார்தான் தர வேண்டும். பதினொரு வயது தாண்டிய பிள்ளைகளை எடுக்கமாட்டார்கள் என்றும் சொன்னார்கள். ரெபேக்காளுக்குப் பத்து முடிந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. இந்த வருடம் இல்லாவிட்டால் அவளுக்கும் என்னைப் போல பால் வாளிதான்.

வாத்தியாரிடம் போய்க் கேட்டேன். "இதையெல்லாம் சொல்லணுமா சகோதரி, அவளை விட்டா வேற யாரு" என்றார். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் கேட்டேன். "பேரு போயிருச்சு, நீங்க ஜெபிச்சுக்கிட்டே இருங்க" என்றார். வெள்ளிக்கிழமைதோறும் மத்தியானம் வரை உபவாசம் இருந்தேன். எஸ்தர் அக்கா என்னோடு மண்டியிட்டார். அவர் கண்ணீர் என் கையில் விழுந்தது. அது உண்மையான கண்ணீர். அதனால்தான் எனக்கு இன்றும் புரியவில்லை.

அக்டோபர் மாதத்தில் பரீட்சை. காலையில் வேலிக் கேட்டைத் திறந்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். மத்தியானத்துக்காகக் கட்டிய இரண்டு தோசையைச் சோதனை போடும் அம்மா எடுத்து வைத்துக்கொண்டார். "பிள்ளைக்குத்தாங்க" என்றேன். "எல்லாரும் இதத்தான்மா சொல்றீங்க. வரும்போது வாங்கிக்க, நான் திங்கமாட்டேன்" என்றார். பஸ் பிடித்து டவுனுக்குப் போய்ச் சேர்ந்தோம். பள்ளி வராந்தாவில் பெயர்ப் பட்டியல் ஒட்டியிருந்தது. மேலிருந்து கீழே பார்த்தேன். கீழேயிருந்து மேலே பார்த்தேன். எங்கள் தோட்டத்துக்கு நேரே, ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணியாருடைய மகளின் பெயர் இருந்தது. அந்தப் பிள்ளையின் மேல் எனக்குக் கோபம் இல்லை. சுத்தமாக எழுதும் பிள்ளை.

அங்கே மேசை போட்டு உட்கார்ந்திருந்தவரிடம் கெஞ்சினேன். "ஒங்க வாத்தியாரு குடுத்த பேருதாம்மா இது. நான் சேத்து எழுத முடியாது" என்றார். உள்ளே மணி அடித்தது. பிள்ளைகள் வரிசையாகப் போனார்கள். ரெபேக்காள் என் சேலையை இழுத்து, "அம்மா, வீட்டுக்குப் போவோம்" என்றாள். அழவில்லை. அவள் அழுதிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும்.

தோட்டத்துக்குத் திரும்பியபோது குழாயடியில் ஒருத்தி, "என்னலா, இங்கிலீஸ் பள்ளிக்கூடத்த அதுக்குள்ள படிச்சு முடிச்சிட்டாங்களா மகாராணி?" என்றாள். நான் நேரே பள்ளிக்குப் போனேன். பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள்.

"பேரு போயிருச்சுன்னு சொன்னீங்களே, வாத்தியாரே."

அவர் கரும்பலகையை அழித்துக்கொண்டிருந்தார். "அனுப்பத்தான் இருந்தேன். பிள்ளையோட நோட்டையும் சேத்து அனுப்பச் சொன்னாங்க. ஒம் மவளுக்கு நோட்டு எங்க இருக்கு? எதக் காட்டுறது?"

"நோட்டு எழுத விடாம மூலையில ஒக்கார வெச்சது யாரு?"

"நான் ஒரு ஆளு, ஆறு கிளாஸு. அவ போயிட்டா சின்னதுங்கள யாரு பாக்குறது, நீ வந்து பாப்பியா? அடுத்த வருசம் அனுப்பலாம்லா."

"அடுத்த வருசம் அவளுக்கு வயசு தாண்டிரும்."

"அது எனக்குத் தெரியும்" என்றார்.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். டஸ்டரைக் கீழே வைத்தார். ஜெபக் கூட்டத்தில் என்னைச் 'சகோதரி' என்பவர் அன்று 'நீ' என்று பேசினார். வீட்டுக்கு வந்த பிறகும் அதுதான் காதில் சுற்றிக்கொண்டே இருந்தது.

மேனேஜரிடம் சொல்லட்டுமா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். வேண்டாம் என்றேன். சபையில் இருப்பவரைப் பற்றி வெளியில் புகார் சொல்லக் கூடாது என்று வளர்க்கப்பட்டவள் நான். "அப்ப ஒங்க கூட்டத்துல ஜெபம் மட்டும் பண்ணாம நோட்டையும் பாருங்க" என்றார் அவர். அவருக்குச் சிரிக்கச் சிரிக்கப் பேசித்தான் பழக்கம். அன்று அவர் சிரிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கூட்டத்துக்குப் போகவில்லை. ஜெபிக்கவும் வரவில்லை. பெயர் போயிற்று என்று மனிதன் சொன்னதை நம்பி நான் ஆண்டவரிடம் கேட்டதெல்லாம் எங்கே போய்ச் சேர்ந்தது? அவருக்குத் தெரியும் அல்லவா, அந்தப் பெயர் போகவில்லை என்று? ஏன் என்னை மண்டியிட விட்டார்? இப்படியெல்லாம் நினைத்தேன். நினைத்ததை மறைக்காமல் எழுதுகிறேன். சில நாள் கழித்து, மரம் வெட்டிக்கொண்டிருக்கும்போது, என்னையறியாமல் வாயில் வந்தது இவ்வளவுதான்: "ஆண்டவரே, யாராவது இவளைப் பார்க்கட்டும்." பள்ளி வேண்டும் என்று கேட்கவில்லை. பரீட்சையைக் கேட்கவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு மரத்திலும் அதையே சொன்னேன். ஒரு நாளைக்கு முந்நூறு மரத்துக்கு மேல் வெட்டுகிறேன் நான்.

நவம்பர் கடைசியில் பள்ளி இன்ஸ்பெக்டர் வந்தார். நம் தமிழர்தான், வயதானவர். பாதுகாப்பு வண்டிகளோடு வந்து, எங்கள் பள்ளியை ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு அடுத்த தோட்டத்துக்குப் போவதாக ஏற்பாடு. பெரிய வகுப்பு நோட்டுகளைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். கிளம்பும் நேரத்தில் அடுத்த தோட்டத்துப் பாதையில் வேறு தோட்டத்து லாரி ஒன்று எரிகிறது, துப்பாக்கிச் சத்தம் கேட்டது, பாதையை மூடிவிட்டார்கள் என்று செய்தி வந்தது. பாதுகாப்பு வண்டிகள் அங்கே ஓடின. அவை திரும்பி வரும் வரை அவர் எங்கும் போக முடியாது. செய்வதற்கு வேறு வேலை இல்லாமல் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், கொட்டகையின் பின்மூலையில் போட்டு உட்கார்ந்தார். அங்கேதான் என் மகள் இருந்தாள்.

நான் பாலை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வந்தபோது என்னைப் பள்ளிக்குக் கூப்பிடுவதாக ஆள் வந்தது. ரப்பர் பால் நாற்றத்தோடு அப்படியே ஓடினேன். காட்டில் சண்டை நடக்கும் நாளில் பள்ளியிலிருந்து ஆள் வந்தால் ஒரு தாய் என்ன நினைப்பாள்? போய்ப் பார்த்தால் இன்ஸ்பெக்டர் சின்னப் பிள்ளைகளின் நடுவே உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் ரெபேக்காள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். வாத்தியார் முகம் வெளுத்து நிற்கிறார்.

"ஒரு புள்ளைக்குப் புரியலன்னு ஒனக்கு எப்படித் தெரியும்?" என்று இன்ஸ்பெக்டர் அவளைக் கேட்டார்.

"புரியாத புள்ளதான் சார் மொதல்ல தலையாட்டும்" என்றாள். "புரிஞ்ச புள்ள எதாச்சும் கேக்கும்."

அவர் சிரித்தார். ஒரு கணக்குக் கொடுத்தார். மனசில் போட்டுச் சொன்னாள். இன்னொன்று கொடுத்தார். அதை வேறு விதமாகவும் போடலாம் என்று சொல்லி, மண்ணில் எழுதிக் காட்டினாள். பிறகு அவர் வாத்தியாரிடம், "இந்தப் புள்ளையோட நோட்டு எங்க?" என்று கேட்டார். வாத்தியார் தலைகுனிந்தார். இன்ஸ்பெக்டர் அவரைத் திட்டவில்லை. என் பக்கம் திரும்பி, "நாங்க நோட்டத்தாம்மா பாக்குறோம். நோட்டு இல்லாத புள்ளைய நாங்க பாக்குறதே இல்ல. அது எங்க தப்புதான்" என்றார். பாதை திறக்கும் வரை மூன்று மணி நேரம் அவளிடம் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார். போகும்போது பிறப்புப் பத்திரத்தைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்து எழுதிக்கொண்டார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், அவளுக்கு இடம் கொடுத்திருப்பதாகக் கடிதம் வந்தது. ஜனவரியில் ரெபேக்காளை ஆங்கிலப் பள்ளியில் சேர்த்தோம். தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஏ, பி, சி எழுதுகிறாள். முதல் மாதம் தினமும் அழுதாள். இப்போது நோட்டு நோட்டாக எழுதித் தள்ளுகிறாள். கர்த்தருக்கு ஸ்தோத்திரம். நான் கேட்டதை அவர் அப்படியே செய்தார். ஆபத்து நடந்த நாளையே அதற்கு எடுத்துக்கொண்டார். அந்த லாரிக்காரர் உயிர் தப்பினார் என்று அறிந்த பிறகுதான் என்னால் முழு மனதோடு நன்றி சொல்ல முடிந்தது. என்னைப் போல மனிதர் சொல்லை நம்பி ஏமாந்தவர்கள் இதைப் படித்தால், அவரிடம் கேட்பதை விட்டுவிடாதீர்கள். வார்த்தை அழகாக வராவிட்டாலும் கேளுங்கள். கேட்டுவிட்டு, பிள்ளையின் புத்தகப் பையையும் திறந்து பாருங்கள்.

எஸ்தர் அக்கா வாழைப்பழம் கொண்டுவந்து, "கர்த்தர் நம்ம ஜெபத்தைக் கேட்டுட்டாரு தங்கச்சி" என்று என்னைக் கட்டிக்கொண்டார். நானும் கட்டிக்கொண்டேன். என் கைதான் மரத்துப்போயிருந்தது. கூட்டத்துக்குப் போகிறேன். வாத்தியார் பாட்டைத் தொடங்கும்போது எனக்குக் குரல் எழும்புவதில்லை.

இதோடு முடித்திருப்பேன். ஆனால் போன வாரம் ஒன்று நடந்தது. பக்கத்து லயத்து மாரியாயி வேலைக்காட்டில் என்னைத் தேடி வந்தாள். அவள் மகள் செல்லம்மாவுக்கு எட்டு வயது. துறுதுறுவென்று இருப்பாள். "அக்கா, வாத்தியாரு எம் மவளச் சட்டாம்பிள்ளையா வெச்சிட்டாரு. ரெபேக்காளும் இப்படி இருந்துதான் டவுனுக்குப் போச்சாம். எம் மவளும் அப்படிப் போவாளாம்லா" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

அவர் சொன்னது பொய் என்று எப்படிச் சொல்வேன்? அந்த மூலையில் உட்கார்ந்திருந்ததால்தானே இன்ஸ்பெக்டர் அவளைப் பார்த்தார்? நான் இந்தச் சாட்சியை எங்கள் சபையில் எழுந்து சொன்னால் எல்லாத் தாய்மாரும் அதைத்தானே நம்புவார்கள்? செல்லம்மாவுக்காகவும் ஒரு பாதை மூடப்படுமா? மாரியாயியிடம் உண்மையைச் சொன்னால் அவள் பிள்ளையை மூலையிலிருந்து எழுப்பிவிடுவாள். அவள் புருஷன் வாத்தியாரைச் சும்மா விடமாட்டான். வாத்தியார் போய்விட்டால் இந்தக் காலத்தில் வேலிக்குள் வந்து வேலை பார்க்க வேறு யார் வருவார்கள்? சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிப்பது யார்? சொல்லாவிட்டால் நானும் எஸ்தர் அக்காவும் ஒன்றுதானே?

அன்று அவளிடம், "நல்லது மாரியாயி" என்று மட்டும் சொன்னேன்.

சகோதரிகளே, பிள்ளை பெற்றவர்களே, நான் அவளிடம் என்ன சொல்ல வேண்டும்? செல்லம்மாவுக்கு வயது இன்னும் இருக்கிறது. தெரிந்தவர்கள் தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.